பாய்லர் ஓடிய கேஎல் மாரத்தான்: 5 மணி 31 நிமிடம். முதல் பாதியில் பறந்தது சரியா, தப்பா?

லிந்தாங்_ரோடு | ஞாயிறு இரவு 9.12

நம்ம பாய்லர் இன்று காலை கோலாலம்பூரில் முழு மாரத்தானை ஓடி முடித்துவிட்டான். 42.195 கிலோமீட்டர். பழைய கணக்கில் இருபத்தாறு கட்டைக்கு, அதாவது மைலுக்கு, கொஞ்சம் மேலே. சுங்கை சிப்புட்டை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆனவர்களுக்காகச் சொல்கிறேன்: செம்பனை ஆலையில் கொதிகலன் பார்க்கிறானே, அவன்தான். பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடும்போது ஓட வேண்டாம் என்பதற்காகவே கோல் காக்க நின்றவன்.

வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் காலையிலிருந்து வாட்சாப் குழுவில் ஒரே சண்டை. ஒருத்தன் சாதனை என்கிறான், இன்னொருத்தன் பாதி தூரம் நடந்தவனுக்கு என்ன மாலை என்கிறான். யாரும் கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால் இங்கே போடுகிறேன்.

10 கிலோமீட்டர்: 1 மணி 4 நிமிடம்
பாதி தூரம்: 2 மணி 19
30 கிலோமீட்டர்: 3 மணி 29
35 கிலோமீட்டர்: 4 மணி 19
முடிவு: 5 மணி 31

முதல் பாதி 2.19, இரண்டாம் பாதி 3.12. இடையில் 53 நிமிட வித்தியாசம். ஐந்து மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றுதான் போனான். அதற்குக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 வினாடி போதும். இவன் முதல் பத்தை 6.24-ல் ஓடியிருக்கிறான்.

தெரியாமல் செய்ததில்லை. போவதற்கு முன்பே என்னிடம் சொன்னான்: "இருட்டில் கிளம்புகிறோம், ஏழு மணிக்குச் சூரியன் வரும். அது வருவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளிவிடணும். அப்புறம் நடந்தாலும் பரவாயில்லை." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நாங்கள் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். நெஞ்சில் குத்தியிருக்கும் எண் தாளின் பின்னால் ஒரு சில்லு இருக்கும். பாதையில் விரித்த பாயை அவன் தாண்டியதும் நேரம் பதிவாகி நமக்கு வந்துவிடும். பாய்க்கும் பாய்க்கும் இடையில் செயலி தானே கணக்குப் போட்டு ஒரு புள்ளியை நகர்த்திக்கொண்டே போகும். பத்து வந்ததும் கைதட்டல். பாதி வந்ததும் நாலரை மணியில் முடிப்பான் என்று ஒருவர் ரொட்டி சானாய் பந்தயம் கட்டினார். முப்பதும் வந்தது. அப்புறம் அந்தப் பச்சைப் புள்ளி 35-க்குப் பக்கத்தில் போய் நின்றது நின்றதுதான். கால் மணி நேரம் அசையவில்லை. இவன் விழுந்துவிட்டானா, சில்லு கெட்டுப்போனதா, ஒன்றும் தெரியவில்லை. கடைக்கார அண்ணன் தே ஆற்றுவதை விட்டுவிட்டு எங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பாய்லரின் அம்மா மட்டும் பதறவில்லை. "எட்டு மணி வெயில் ஏறிடுச்சு. இனி எங்கே ஓடப்போறான், நடந்துதான் வருவான்" என்றார். சொன்னபடிதான் ஆனது.

என் கேள்வி இதுதான். நம்ம ஊர்ச் சூட்டில் வெயிலுக்கு முன்னால் வேகமாக ஓடிச் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனமா? இல்லை, அது வெறும் சாக்கா?

கிள்ளான்காரன் | ஞாயிறு இரவு 9.40

சாக்குதான். மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாய்லர் முடித்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் இந்த ஓட்டத்தை நல்ல ஓட்டம் என்று சொல்லி அவனைக் கெடுக்க வேண்டாம். நான் நாலு மணிக்குள் முடித்திருக்கிறேன், அதுவும் இதே சூட்டில். முதல் பத்தில் என்னைத் தாண்டிப் போகிறவர்களில் பாதிப் பேரை முப்பதுக்கு மேல் சாலையோரத்தில் பார்ப்பேன், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

காரணம் வெயில் இல்லை, வயிறு. உடம்பு சேர்த்து வைக்கிற மாவுச்சத்து ஏறக்குறைய 2000 கலோரிக்குத்தான் வரும். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் தூக்கிப்போக ஒரு கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 72 கிலோ ஆளுக்கு 42 கிலோமீட்டர் என்றால் 3000 கலோரி. மீதியைக் கொழுப்பிலிருந்து எடுக்க வேண்டும். வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தையே கேட்கும். ஆகவே முதல் பாதியில் மிச்சப்படுத்திய நிமிடங்களுக்கு இரண்டாம் பாதியில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

2019 அக்டோபரில் வியன்னாவில் கென்யாவின் மாரத்தான் வீரர் கிப்சோகே முழு தூரத்தையும் 1:59:40-ல் ஓடினாரே, ஒவ்வொரு கிலோமீட்டரும் 2 நிமிடம் 50 வினாடியை ஒட்டியேதான். முன்னால் சேர்த்து வைக்கலாம் என்று அவர் நினைக்கவில்லை.

ஈப்போ_காப்பி | ஞாயிறு இரவு 9.52

அண்ணே, கிப்சோகே நடுராத்திரி செந்தூலில் மாமா வீட்டில் சம்பல் போட்டு ரெண்டு பொட்டலம் நாசி லெமாக் சாப்பிட்டாரா என்று முதலில் கேளுங்கள். நம்ம ஆள் சாப்பிட்டான். படம் அனுப்பியிருக்கிறான். முட்டை முழுசு.

பழைய_வாத்தியார் | ஞாயிறு இரவு 10.25

பிள்ளைகளே, வணக்கம். பாய்லருக்கு உடற்கல்வி எடுத்தவன் என்ற முறையில் ரெண்டு வார்த்தை.

கிள்ளான் தம்பி சொல்லும் மாவுச்சத்துக் கணக்கு சரிதான். ஆனால் வியன்னாவை இங்கே இழுத்து வர வேண்டாம். அந்த ஓட்டத்துக்கு நல்ல குளிர்ந்த நாளாகப் பார்த்துத் தேதி குறித்தார்கள். காற்று முகத்தில் அடிக்காதபடி முன்னால் ஆட்களை அணி வகுத்து ஓடவிட்டார்கள். அதனால்தான் அது அதிகாரபூர்வ சாதனையாகவும் ஏறவில்லை. சீராக ஓடு என்பது குளிர் நாட்டுப் பாடம். அங்கே கிளம்பும்போது இருக்கும் சூடும் முடிக்கும்போது இருக்கும் சூடும் பெரிதாக வேறுபடாது. நமக்கு அப்படியா?

1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அதிலிருந்து நமக்கு ஏழு மணி வாக்கில்தான் சூரியன் தெரிகிறது. விடிகாலை நாலு மணியை ஒட்டிக் கிளம்புகிறவனுக்கு மூன்று மணி நேரம் இருட்டு. வேகமாக ஓடுகிறவர்கள் வெயில் படாமலே முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஐந்து மணி நேரம் ஓடுகிறவனுக்குத்தான் கடைசி ரெண்டு மணி நேரம் உச்சந்தலையில் விழும். ஒரே ஓட்டம் என்று பெயர், ஆனால் மெதுவாக ஓடுகிறவனுக்குக் கிடைப்பது வேறு பருவநிலை.

பாய்லரின் அம்மா சொன்னதை ஏன் யாரும் கவனிக்கவில்லை? அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் ஏன் போனார்கள்? விடியலுக்கு முன்னால் மரத்துக்குள் அழுத்தம் முழுசாக இருக்கும், வெட்டினால் பால் ஓடும். வெயில் ஏறி இலை நீரை இழுக்க ஆரம்பித்ததும் அழுத்தம் குறைந்துவிடும், கோப்பையில் சொட்டுத்தான் விழும். மரத்தை முந்திக்கொண்டு வெட்டியவர்களின் பிள்ளை, ஓட்டத்திலும் அதையே செய்து பார்த்திருக்கிறான். என்னைக் கேட்டால் அதில் தப்பில்லை.

கிள்ளான்காரன் | ஞாயிறு இரவு 10.41

ஐயா, மரியாதையோடுதான் கேட்கிறேன். வெயில்தான் பிரச்சினை என்றால் 2019-ல் தோஹா உலகப் போட்டிக்கு என்ன சொல்வீர்கள்? பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் ஓடவிட்டார்கள். சூரியனே கிடையாது. ஆனால் 32 பாகை சூடு, காற்றில் ஈரம் 70 விழுக்காட்டுக்கு மேல். கிளம்பிய 68 பேரில் 28 பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். உலகத்திலேயே நன்றாக ஓடுகிறவர்கள் அவர்கள்.

லிந்தாங்_ரோடு | ஞாயிறு இரவு 11.30

வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்ததும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். அப்புறம் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். போட்டபின் தூக்கம் போய்விட்டது.

பாய்லர் ஆரம்பக் கோட்டைத் தாண்டும்போது மணி நாலு பன்னிரண்டு. சூரியன் நன்றாகத் தெரிய ஏழு பத்து, ஏழு கால் என்று வைப்போம். அதாவது மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் அவன் எங்கே இருந்தான்? பாதியை 2.19-ல் தாண்டினான். பாதியிலிருந்து முப்பது வரை அவனுடைய சராசரி கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 52. மிச்சம் 41 நிமிடத்தில் ஐந்தே சொச்சம் கிலோமீட்டர் போயிருப்பான். ஆக, சூரியன் வந்தபோது 26-ஐத் தாண்டிக் கொஞ்சம்.

அவன் ஐந்து மணி நேரத் திட்டப்படி 7.07-ல் சீராக வந்திருந்தால் அதே நேரத்தில் எங்கே இருந்திருப்பான்? 25-ஐத் தாண்டிக் கொஞ்சம்.

வித்தியாசம் ஒரே ஒரு கிலோமீட்டர்! இருட்டில் அவ்வளவு பாடுபட்டு வெயிலிடமிருந்து தப்பித்தது அவ்வளவுதான். பாதி தூரத்தில் திட்டத்தைவிட 11 நிமிடம் முன்னால் இருந்தவன், முப்பதில் 4 நிமிடம்தான் முன்னால் இருக்கிறான். அந்த ஒன்பது கிலோமீட்டரில் பெரும்பகுதி இருட்டு. வெயில் வந்து அவனை மடக்கவில்லை. அதற்கு முன்பே மடங்க ஆரம்பித்துவிட்டான்.

ஐயா, கோப்பையில் பால் சொட்ட ஆரம்பித்தது விடிவதற்கு முன்னால்.

எட்டாங்கட்டை | திங்கள் காலை 6.50

இத்தனை கணக்கில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பாய்லரின் கடிகாரத்தில் 42.9 கிலோமீட்டர் காட்டியது. படத்தைப் பாருங்கள். முக்கால் கிலோமீட்டர் கூடவே ஓடவிட்டிருக்கிறார்கள். அதைக் கழித்தால் 5.25. அப்புறம் சான்றிதழில் 5.43 என்றும் ஒரு நேரம் இருக்கிறது. எதைத்தான் நம்புவது?

கிள்ளான்காரன் | திங்கள் காலை 7.15

யாரும் ஏமாற்றவில்லை தம்பி. பாதையை அளப்பவர்கள் சைக்கிள் சக்கரத்தில் எண்ணும் கருவியைப் பொருத்தி, வளைவுகளில் எது மிகக் குறுகிய வழியோ அதை ஒட்டியே அளப்பார்கள். தப்பித்தவறிக்கூடக் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சேர்த்தும் வைப்பார்கள். நாம் கூட்டத்தில் அந்த வழியிலா ஓடுகிறோம்? தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவோம், ஆளைச் சுற்றி முந்துவோம், வளைவில் வெளிப்பக்கமாகவே போவோம். அது போக, உயரக் கட்டடங்களுக்கு நடுவில் கடிகாரத்துக்கு விண்கோள் சமிக்ஞை தட்டித் தடுமாறித்தான் கிடைக்கும். கேஎல் நடுவில் சொல்லவே வேண்டாம்.

5.43 என்பது துப்பாக்கிச் சத்தத்திலிருந்து எண்ணியது. 5.31 அவன் கோட்டைத் தாண்டியதிலிருந்து. பின்வரிசையில் நின்றதால் கோட்டுக்கு வரவே 12 நிமிடம் ஆகியிருக்கிறது. பரிசு வாங்குகிறவர்களுக்குத் துப்பாக்கி நேரம். நம்மைப் போன்றவர்களுக்கு 5.31 என்று சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தாதி_அக்கா | திங்கள் காலை 10.05

இரவு வேலை முடித்து வந்து இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். நீங்கள் நிமிடத்துக்குச் சண்டை போடுகிறீர்கள், எனக்கு வேறு கவலை. என்ன குடித்தான்? எவ்வளவு குடித்தான்?

வெயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் ஒவ்வொரு மேசையிலும் பயந்து பயந்து வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போவார்கள். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்விடும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பார்க்கிறவர்கள் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அதுதான் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்கு உப்பு குறைந்திருந்தது. அது குளிர் ஊர். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டவர்கள், ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள் இவர்களிடம்தான் அதிகம். தாகத்துக்குக் குடிக்க வேண்டும், கடமைக்குக் குடிக்கக் கூடாது. நடுவில் 100பிளஸ் மாதிரி உப்புச் சேர்ந்த பானம் ஏதாவது, சாப்பிட உப்பு உள்ளது ஏதாவது. அதிலும் அளவு மீறிக் குடித்தால் இதே கதைதான்.

தசை பிடித்துக்கொண்டால் உடனே உப்பு இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். பழக்கமில்லாத வேகத்தில் ஓடிக் களைத்த தசையும் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, வாட்சாப்பில் யாரோ ஓடுவதற்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை அடித்துவிடும். வார்டில் இருப்பவள் சொல்கிறேன், கேளுங்கள்.

பாய்லர், இதைப் பார்த்தால் ஒரு வரி போடு தம்பி. சிறுநீர் என்ன நிறம்?

ஈப்போ_காப்பி | திங்கள் காலை 10.11

அக்கா, பொது இடத்தில் கேட்கிற கேள்வியா இது?

பாய்லர் | திங்கள் மதியம் 1.30

ரயிலில் இருக்கிறேன். நிறம் சரியாகத்தான் இருக்கிறது அக்கா, பால் ஊற்றாத தே ஓ மாதிரி இருந்தது நேற்று மதியத்தோடு போய்விட்டது. மாத்திரை எதுவும் போடவில்லை. இடது கால் பெருவிரல் நகம் மட்டும் கறுத்துவிட்டது. சிலுவார் (கால்சட்டை) போட உட்கார வேண்டியிருக்கிறது, எழ இன்னொரு ஆள் வேண்டும்.

எல்லாவற்றையும் படித்தேன். லிந்தாங், நீ போட்ட கணக்கைத் தஞ்சோங் மாலிம் வரும் வரை பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு கிலோமீட்டர்தான் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் காகிதத்தில் சாலை சமமாக இருக்கிறது. அங்கே அப்படி இல்லை.

மெர்டேக்கா சதுக்கத்தில் கிளம்பும்போது எப்படி இருக்கும் தெரியுமா? நான் ஓடிப் பழகியது லிந்தாங் ரோட்டிலும் செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையிலும். குலை ஏற்றிப் போகும் லோரி வந்தால் ஒதுங்கி நிற்பேன். நாய்க்காகக் கையில் ஒரு குச்சி. அதிகம் போனால் 28 கிலோமீட்டர். கூட ஆளே கிடையாது, என் மூச்சு எனக்குக் கேட்கும். அங்கே இத்தனை ஆயிரம் பேர் ஒரே திசையில் போகிறார்கள், எல்லா விளக்கும் எரிகிறது, வண்டி ஒன்றுகூட இல்லை. அம்பாங் பக்கம் போகும் மேம்பால நெடுஞ்சாலையில் மோட்டார்கூட இல்லாமல் ஓடும்போது, இரட்டைக் கோபுரம் பக்கவாட்டில் நின்றுகொண்டு நம்மோடே வருகிற மாதிரி இருக்கும். கடிகாரத்தில் 6.20 காட்டியது. குறைக்கணும் என்று தெரியும். குறைக்கத்தான் மனசு வரவில்லை.

இருபதுக்கு மேல் ஏற்றம் ஆரம்பித்தது. நம்ம ஊரில் தூரத்தில் மலை இருக்கிறது, ஓடுகிற பாதையில் இல்லை. தொடை ரெண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தன. கிள்ளான் அண்ணே, அது வயிறு இல்லை, ஏற்றம். நாசி லெமாக் பற்றி யாரும் பேச வேண்டாம், மாமி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

சூடு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கொதிகலன் வாசலில் எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு எட்டு மணி வெயில் என்ன செய்யும்? கால்தான் போனது.

முப்பதுக்கு அப்புறம் சாலையோரத்தில் நின்றுவிட்டேன். அப்போதுதான் நீங்கள் புள்ளி அசையவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். ஒரு சீனப் பெரியவர், அறுபது தாண்டியிருக்கும், என்னைக் கடந்து போனார். கொஞ்சம் ஓடுவார், கொஞ்சம் நடப்பார். கடிகாரம் கூவும்போது மாற்றிக்கொள்வார். திரும்பிப் பார்த்து மலாயில், "என் பின்னால் வா, பேசாதே" என்றார். போனேன். ஒரு நிமிடம் ஓட்டம், ரெண்டு நிமிடம் நடை. கடைசி வரை அப்படியே. அவர் பெயர்கூடத் தெரியாது. கோட்டைத் தாண்டியதும் திரும்பிப் பார்க்கிறேன், வாழைப்பழ வரிசையில் போய் நின்றுவிட்டார்.

பழைய_வாத்தியார் | திங்கள் மதியம் 2.20

இவன் எழுதியதைப் படித்தபின் எல்லாரும் மறுபடி அந்த நேரங்களைப் பாருங்கள். நீங்கள் சண்டை போடுவது முதல் பாதியைப் பற்றி. நான் பார்ப்பது கடைசித் துண்டை.

முப்பதிலிருந்து முப்பத்தைந்து: ஐந்து கிலோமீட்டருக்கு 50 நிமிடம். நின்றதும் அதில் அடக்கம். முப்பத்தைந்திலிருந்து முடிவு: 7.2 கிலோமீட்டருக்கு 72 நிமிடம். ரெண்டிலும் கிலோமீட்டருக்கு அதே பத்து நிமிடம். உடைந்துபோனவன் மேலும் மேலும் மெதுவாகிக்கொண்டே போவான். பத்து பன்னிரண்டாகும், பன்னிரண்டு பதினைந்தாகும். இவன் வெயில் ஏற ஏற அதே வேகத்தில் வந்திருக்கிறான். மொத்த ஓட்டத்தில் சீராக ஓடிய பகுதி அதுதான், அதுவும் கால் போன பின்னால்.

எங்கள் காலத்தில் ஜெகதீசன் பெயரையும் ராஜாமணி பெயரையும் சொல்லித்தான் பிள்ளைகளைத் திடலுக்கு இறக்குவோம். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் அவர் 100, 200 மீட்டரிலும், அந்த அம்மா 400 மீட்டரிலும் தங்கம் வாங்கியவர்கள். பதக்கம் இல்லாத ஓட்டத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், நாங்களும் பார்க்கச் சொல்லித் தரவில்லை. கடைசி இடத்தில் வருகிற பிள்ளை எந்த வேகத்தில் வந்தது என்று ஒரு நாளும் குறித்து வைத்ததில்லை.

கொதிகலன் விஷயத்தில் அவன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சூட்டில் ரெண்டு வாரம் தொடர்ந்து வேலை செய்தாலே உடம்பு பழகும். வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும், இரத்தத்தில் நீர் கூடும். கேஎல்காரன் குளிர்சாதன அலுவலகத்திலிருந்து வந்து ஓடுகிறான். இவனுக்கு அந்த அனுகூலம் உண்டு. அதை முதல் பத்திலேயே செலவழித்துவிட்டான், அவ்வளவுதான்.

கிள்ளான்காரன் | திங்கள் மாலை 6.05

கடைசித் துண்டை நான் பார்க்கவில்லை. ஐயா சொல்வது சரி, அது நல்ல ஓட்டம்தான்.

ஆனால் அதனாலேயே என் கட்சி இன்னும் பலமாகிறது. கால் போன பிறகே பத்து நிமிட வேகத்தைப் பன்னிரண்டு கிலோமீட்டர் பிடித்தவன், கால் நன்றாக இருக்கும்போது ஏழு நிமிடத்தைப் பிடிக்க மாட்டானா? பழகிய உடம்பு, பொறுமை, எல்லாம் இருக்கிறது. ஐந்து மணி அவன் கைக்குள் இருந்தது. ஈரக் காற்றில் வியர்வை காயாது, வேகமாக ஓடினால் உள்ளே கிளம்பும் சூட்டுக்கு வெளியே போக வழியில்லை. இருட்டில் ஓடினால் சூடு ஏறாது என்று நினைப்பதுதான் தப்பு. சூரியன் வெளியே இருக்கிற அடுப்பு என்றால், ஓடுகிறவனுக்கு உள்ளேயும் ஒன்று எரிகிறது. கொதிகலன் பார்க்கிறவனுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

லிந்தாங்_ரோடு | திங்கள் மாலை 6.30

சரி, அடுத்து என்ன? வருடக் கடைசிப் பக்கம் பினாங்குப் பாலத்தில் ஓட்டம் வரும். அங்கே முழு மாரத்தானை விடியலுக்கு ரொம்ப முன்னாலேயே கிளப்பிவிடுவார்கள். வெயில் என்ற பேச்சே குறையும். கேஎல்லைப் போல ஊர் சுற்றும் ஏற்றமும் கிடையாது, பாலத்தின் நடு மேடுதான். ரெண்டு சாக்கும் போய்விடும்.

கேஎல் பைத்தியம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். 2015-ல் புகைமூட்டத்தால் கடைசி நேரத்தில் ஓட்டத்தையே ரத்து செய்தார்கள். மாதக்கணக்கில் பழகிவிட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரே ஓட்டத்தை நம்பி இருக்க வேண்டாம்.

தாதி_அக்கா | திங்கள் மாலை 7.10

முதலில் அந்த நகம் ஆறட்டும். பிடுங்காதே. அடுத்த காலணி அரை அளவு பெரிதாக வாங்கு, நீண்ட தூரத்தில் பாதம் வீங்கும். மாலை நேரத்தில் கடைக்குப் போய்ப் போட்டுப் பார்.

பாய்லர் | திங்கள் இரவு 8.45

வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா பதக்கத்தைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இது இரும்பு" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டார். கறிக்குழம்பு நடக்கிறது.

பினாங்கு சரி. ஷிப்ட் மாற்றித் தர ஆள் கிடைத்தால் பதிந்துவிடுகிறேன். ஆனால் கிள்ளான் அண்ணே சொல்கிற மாதிரி ஆமையாக என்னால் கிளம்ப முடியாது. முதல் பத்தை ஒரு மணி எட்டு நிமிடத்துக்குக் குறையாமல் ஓடுகிறேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

கிள்ளான்காரன் | திங்கள் இரவு 8.52

ஐந்து மணி நேரத்துக்குப் பத்து கிலோமீட்டர் கணக்கு 1 மணி 11. அதற்கு ஒரு வினாடி குறைந்தாலும் நான் பாலத்தில் வந்து கையைப் பிடித்து நிறுத்துவேன்.

பாய்லர் | திங்கள் இரவு 8.55

1.09.

ஈப்போ_காப்பி | திங்கள் இரவு 8.56

பசாரில் மீன் வாங்குகிற மாதிரி இருக்கிறது.

கிள்ளான்காரன் | திங்கள் இரவு 8.58

1.10. முந்தின ராத்திரி சாப்பாட்டை நான் தீர்மானிப்பேன். சம்மதமா?

பாய்லர் | திங்கள் இரவு 9.03

1.10 சம்மதம். சாப்பாட்டை அம்மாவிடம் பேசிக்கொள்ளுங்கள்.